இரத்த அழுத்தமும் இதயச் சுவரும்



சிலம்பம் சுற்றுவோன் புயம் பருப்பது வலிமை. உயர் இரத்த அழுத்தத்தை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் உழைக்கும் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிப்பதோ நோய். தடித்த சுவர் விறைத்துவிடும், அறை தளர்ந்து விரியாது, இரத்தம் நிறைவது கடினமாகும், மூச்சிரைக்கும், நாளடைவில் இதயம் சோரும்.

ஆயினும் மாத்திரையால் அழுத்தம் தணிந்தால், அத்தடிப்பு மாதக்கணக்கில் மெல்லக் குறையும். விரியும் தன்மையும் ஓரளவு மீளும். சிகிச்சையில் தடிப்புக் குறைந்தோரிடையே மாரடைப்பும் பக்கவாதமும் குறைவாயிருந்ததை 2004இல் வெளியான ‘லைஃப்’ ஆய்வு முடிவுகள் காட்டின.

நம்மூரிலோ, தலைசுற்றல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுகின்றனர்! தலைசுற்றல் நின்றது, சுவர் இன்னும் இளைக்கவில்லையே. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வாசலுக்கே கொணர்ந்தது. விழுங்குவது நம் பொறுப்பன்றோ? இளைஞர்களே, வீட்டுப் பெரியோரின் அட்டையில் எஞ்சிய மாத்திரைகளை இன்றிரவே எண்ணுங்கள். மிகுந்திருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அளவை நீங்களே கூட்ட வேண்டா.