இதழியற் கல்வியும் வாவியின் இரு கரைகளும்

மட்டக்களப்பு வாவிக்கு இரு கரைகள் உண்டு. கதிரவன் எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவி மாரிகாலத்தில் பெருகும்போது, முகத்துவாரத்து மணல்மேட்டை எப்பொழுது வெட்டிவிடுவது என்னும் வினா எழுகின்றது. வயல் மூழ்காதிருக்க வேண்டும் என்பது உழவர் கவலை. மீன்வளம் குன்றாதிருக்க வேண்டும் என்பது மீனவர் கவலை. ஒரு கரையில் மட்டும் நின்று எழுதினால் அது பாதிச் செய்தியே. இரு கரைக்கும் சென்று கேட்டு, பதிவேடுகளையும் நோக்கி, அதன்பின் எழுதுவதே முழுச் செய்தி. இவ்வொழுக்கத்தைப் பழக்குவதே இதழியற் கல்வியின் தலையாய பயன்.

எழுத்தாற்றல் உடையவருக்குக் கல்லூரி எதற்கு என்று கேட்போர் உளர். அவ்வினாவில் ஓரளவு உண்மையுண்டு. காரைதீவிலே 1892ஆம் ஆண்டு பிறந்த சுவாமி விபுலாநந்தர் இதழியற் பட்டம் பெற்றவரல்லர். விஞ்ஞானம் பயின்று, ஆசிரியராய் இருந்து, பின்னரே சென்னையில் ‘இராமகிருஷ்ண விஜயம்’, ‘வேதாந்த கேசரி’ ஆகிய இதழ்களின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். ஆயினும் அக்காலத்துச் செய்தி அச்சேறுமுன் மூத்தோர் பலருடைய பார்வையைக் கடந்தது. இன்றோ கைத்தொலைபேசியிலிருந்து நொடிப்பொழுதில் உலகெங்கும் பரவிவிடுகின்றது. திருத்துவோர் இல்லாத இடத்தில், தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் பயிற்சியே துணை.

இப்பயிற்சிக்கு வழிகள் இல்லாமலில்லை. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில் அமைந்துள்ளது. அதன் திருகோணமலை வளாகத்திலே தொடர்பாடற் கற்கைக்கெனப் பீடம் உண்டு. கொழும்பில் 2004இல் நிறுவப்பெற்ற இலங்கை இதழியல் கல்லூரி தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் பயிற்சியளிக்கத் தோன்றியது. பயின்றோர் செய்தியாளராகலாம், துணையாசிரியராகலாம், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நிகழ்ச்சித் தயாரிப்பாளராகலாம். மும்மொழி அறிந்தோருக்கு மொழிபெயர்ப்புத் துறை காத்திருக்கின்றது. அரசாங்கத் தகவற் பணி, விளம்பரத்துறை, அனர்த்த முன்னறிவித்தல் ஆகியனவும் தெளிவாக எழுதவல்லாரை வேண்டி நிற்கின்றன.

எனினும், பிள்ளையை இத்துறைக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குவதற்குக் காரணம் உண்டு. வீரகேசரிக்கு எழுதிய ஐயாத்துரை நடேசன் 2004 மே 31ஆம் நாள் மட்டக்களப்பு நகரிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். மட்டக்களப்பில் பிறந்து ‘தராக்கி’ என்னும் புனைபெயரால் அறியப்பட்ட தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்பிரலில் கொழும்பிலே கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். இவற்றை மறைத்துவிட்டு இத்தொழிலின் சிறப்பை மட்டும் எடுத்துரைத்தல் நேர்மையாகாது. பாதிச் செய்தி எழுதலாகாது எனக் கற்பிக்கும் கல்வியைப் பற்றியே பாதிச் செய்தி கூறலாமா?

அச்சத்துக்கு மாற்றாக ஒன்று கைக்கு வந்துள்ளது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரச அலுவலகத்திடம் எழுத்தில் தகவல் கோரும் உரிமையைக் குடிமக்களுக்கு அளித்தது. கோரிக்கைமீது பதினான்கு வேலைநாட்களுக்குள் முடிவு தெரிவித்தல் வேண்டும் என்பது அதன் விதி. முகத்துவாரத்தை வெட்டும் முடிவு எவ்வாறு எடுக்கப்பட்டது என ஒரு மாணவி கேட்டு, விடையைப் பெற்று, உழவரிடமும் மீனவரிடமும் அதனைக் காட்டி எழுதுவாளாயின், அதுவே அவளுடைய முதற் பாடம்.

புயலும் வெள்ளமும் வரும்போது மட்டும் வெளியூரார் வந்து எழுதிச்செல்வர். எஞ்சிய நாட்களின் கதையை எழுத, இக்கரைகளிலேயே வாழ்வோர் வேண்டும். அவரை ஆக்கித் தருவதே இக்கல்வியின் கடன்.