பால் வரிசையும் பக்கத்து வீடும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



'அன்றாட வாழ்வில் மகிழ்ச்சி' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். மிகப் பெரிய பொருள். ஞானிகளும் புலவர்களும் ஆயிரம் ஆண்டுகளாகப் பேசியும் முடிவு காணாத பொருளை அரைமணி நேரத்தில் முடிக்க எண்ணுவது பேதைமை. ஆகவே தத்துவத்தை அதற்குரியோரிடம் விட்டுவிட்டு, தலைநகராகிய டெல்லியில் காலனிகளில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் நாள்தோறும் செய்யத்தக்க சிறு பழக்கங்கள் சிலவற்றை மட்டும் எண்ணிப் பார்ப்போம்.

நம்மில் முதியோர் சிலருக்குப் பால் வரிசை நினைவிருக்கும். டெல்லி பால் திட்டம் 1959-இல் தொடங்கியது. அதன்பின் பல ஆண்டுகள், பொழுது புலருமுன்னரே பால் நிலையத்தின் முன் வரிசை நின்றது. மார்கழிப் பனியில் குல்லாயும் கம்பளிப் போர்வையுமாக, கையில் காலிப் புட்டிகளோடு நின்ற அவ்வரிசையில் பஞ்சாபியர் இருந்தனர், வங்காளியர் இருந்தனர், கரோல்பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் குடியிருந்த நம்மவரும் இருந்தனர். வரிசையில் நிற்பது எவர்க்கும் உவப்பான செயல் அன்று. ஆயினும் அந்தக் கால்மணி நேரத்தில் எவர் வீட்டில் பிள்ளை பிறந்தது, எவருக்கு இடமாற்றம் வந்தது, எந்தக் கடையில் நல்ல அரிசி வந்திருக்கிறது என்னும் செய்திகள் யாவும் தெரிந்துவிடும். ஒருவர் இரண்டு நாள் வரவில்லை என்றால், மூன்றாம் நாள் யாரேனும் ஒருவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவர்.

இன்று பால் கதவடிக்கே வருகிறது. முதல்நாள் இரவு கைப்பேசியில் விரலை வைத்தால், விடியுமுன் ஒரு பையில் தொங்குகிறது. கொண்டுவந்தவர் முகம் நமக்குத் தெரியாது. நம் முகமும் அவருக்குத் தெரியாது. காய்கறியும் அவ்வாறே, மருந்தும் அவ்வாறே. இவ்வசதிகளை நாம் பழிக்கவில்லை; மூட்டுவலி உடையோர்க்கு இவை பேருதவி. ஆனால் ஒன்றை எண்ண வேண்டும். முன்னர் நம் தேவையே நம்மை மக்களிடம் இட்டுச் சென்றது. அத்தேவை அகன்றபோது, அதனோடு சேர்ந்து வந்த சந்திப்புகளும் ஓசையின்றி அகன்றன. முன்பு தானாக வந்ததை இனி நாமே பழக்கமாக அமைத்துக்கொள்ளல் வேண்டும்.

இது பழமையை எண்ணி ஏங்கும் கிழப்புலம்பல் என்று இளைஞர்கள் எண்ணலாம். அவர்கட்காக ஆய்வாளர் கூற்றுகள் சிலவற்றைச் சொல்வோம். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 1938-ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வு, இளைஞர் எழுநூற்றுவருக்கு மேற்பட்டோரின் வாழ்வைப் பல பத்தாண்டுகள் விடாது தொடர்ந்தது; அவர்தம் மக்களிடத்தும் இப்போது தொடர்கிறது. ஐம்பது வயதில் தம் உறவுகளில் நிறைவு கண்டிருந்தவரே எண்பது வயதில் மிக்க உடல்நலத்தோடு இருந்தனர் என்பது அவர்கள் கண்ட முடிவுகளுள் தலையாயது. உலக சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கையோ, உலகில் அறுவருள் ஒருவர் தனிமையால் வாடுகின்றார் என்றும், ஆண்டுக்கு 8,71,000-க்கும் மேற்பட்ட இறப்புகள் அதனோடு தொடர்புடையன என்றும் கணக்கிட்டுள்ளது. ஆகவே இது வெறும் மனத்தளவில் நிற்கும் செய்தி அன்று. உயிரைத் தொடும் செய்தி.

நெருங்கிய உறவு மட்டும் போதாதோ என்று கேட்கலாம். போதாது என்கின்றனர் ஆய்வாளர். சமூகவியலார் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், வேலைவாய்ப்பு முதலிய செய்திகள் நெருங்கிய நண்பரைக் காட்டிலும் மேலோட்டமாகப் பழகியவர் வழியாகவே மிகுதியாக வந்து சேர்கின்றன என்று காட்டினார். பின்னர், 2014-இல் வெளிவந்த ஆய்வொன்று இன்னும் சுவையானது. சிகாகோ நகரின் புறநகர் இரயிலில் நாள்தோறும் செல்வோரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினரை அருகிருக்கும் அறியாதவரோடு பேசுமாறும், ஒரு பிரிவினரைத் தனித்திருக்குமாறும், மற்றவரை வழக்கம்போல் செல்லுமாறும் கூறினர். பேசுவது தொல்லையாக இருக்கும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. நிகழ்ந்ததோ வேறு, பேசிச் சென்றவர்களே இனிய பயணம் என்றனர். கிராண்ட் டிரங்க் வண்டியில் இரண்டு இரவு பயணம் செய்து, புளியோதரையைப் பகிர்ந்துண்டு, இறங்கும்போது முகவரி வாங்கிக்கொண்ட நம் தலைமுறைக்கு இதனைச் சிகாகோவிலிருந்து ஒருவர் வந்து சொல்ல வேண்டியதில்லை! ஆனால் டெல்லி மெட்ரோவில் இரு காதுகளையும் அடைத்துக்கொண்டு செல்லும் நம் மக்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

எனவே முதற்பழக்கம் மிக எளியது. நாள்தோறும் நாம் காணும் ஐந்து பேரின் பெயரை அறிந்துகொள்வது. வாயிற்காவலர், துணி தேய்ப்பவர், வண்டியில் காய் கொண்டுவருபவர், எதிர்வீட்டார், மின்தூக்கியில் காலையில் உடன் வருபவர். சென்னையில் எந்தத் தொகுதியில் எவர் நிற்கிறார் என்பது நமக்கு அத்துப்படி. எதிர்வீட்டுக்காரர் பெயர் கேட்டால், 'ஷர்மாவோ வர்மாவோ' என்கிறோம்.

இவ்விடத்தில் அயலாரைப்பற்றிச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறோம். வடவர் வேறு, நாம் வேறு என்று ஒதுங்கியிருந்தால் இந்நகர் நமக்கு என்றும் அயலூராகவே இருக்கும். ஆனால் நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். நவராத்திரியில் நாம் கொலு வைத்துச் சுண்டல் கொடுக்க ஆள் தேடுகிறோம். அதே ஒன்பது நாளில், அட்டமி அல்லது நவமியன்று, எதிர்வீட்டு அம்மையார் சிறுமியரை அழைத்துக் கால் கழுவிப் பூரியும் அல்வாவும் படைக்கத் தேடுகிறார். அவர் பூரியோடு வைப்பதும் கறுப்புக் கொண்டைக்கடலை. நம் சுண்டலும் பல நாளில் அதே கொண்டைக்கடலை! இரு வீட்டாரும் ஒருவரையொருவர் தேடிக்கொண்டே கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறோம். நாம் போகியன்று பழையன கொளுத்தும் பொழுதில் அவர்கள் லோடிக்குத் தீ வளர்க்கின்றனர். (டெல்லியின் புகையில் இரு தீயும் சிறியனவாக இருத்தல் நன்று.) அவர்கள் கர்வா சௌத் நோன்பிருப்பதும், நம் வீட்டுப் பெண்டிர் காரடையான் நோன்பிருப்பதும் ஒரே வேண்டுதலுக்கு. ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் அந்த வாசலைத் தாண்டினால் போதும். அக்கிண்ணம் வெறுமையாகத் திரும்புவதில்லை என்பதைப் பஞ்சாபியரோடு பழகியோர் அறிவர்.

வள்ளுவர் அதிகாரங்களை வைத்த முறை நோக்கத்தக்கது. எட்டாவதாக அன்புடைமையை வைத்தார். அதனை அடுத்து விருந்தோம்பல், இனியவை கூறல், செய்ந்நன்றி அறிதல் என மூன்றை நிரல்பட வைத்தார். நெஞ்சில் உள்ள அன்பு வாசலிலும் வாயிலும் நினைவிலும் எவ்வாறு வெளிப்படும் என்று முறையே காட்டியதாகவே நமக்குத் தோன்றுகிறது.

நன்றி கூறுவதில் நம் வழக்கம் விசித்திரமானது. வெளியாரிடம் நூறுமுறை 'தேங்க்ஸ்' என்போம். வீட்டில் அச்சொல் நாவில் எழாது. மனைவிக்கு நன்றி கூறினால் அவர் நமக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். ஆகவே அச்சொல்லையே கூற வேண்டும் என்பதில்லை. 'இன்று ரசம் நன்றாக வாய்த்தது' என்றால் அதுவே நன்றி. 'மழையில் போய் மருந்து வாங்கிவந்தாயே' என்று மகனிடம் சொன்னால் அதுவே நன்றி. குறிப்பிட்ட செயலைக் குறிப்பிட்டுச் சொல்லுதலே முறை.

இனி, இவ்வுரையில் நாம் முதன்மையாகச் சொல்லக் கருதிய செய்திக்கு வருகிறோம். நம் காலனிகளில் பகல் பதினொரு மணிக்குச் சென்று பாருங்கள். பணிக்குச் செல்வோர் சென்றுவிட்டனர், பிள்ளைகள் பள்ளியில். ஏழாம் மாடியில், சாத்திய கதவுக்குள், தஞ்சையிலிருந்தோ நெல்லையிலிருந்தோ வந்த ஒரு தாய் அமர்ந்திருக்கிறார். கணவர் மறைந்தபின், தனியாக விடலாகாது என்று மகன் அன்போடு அழைத்து வந்தான். ஊரில் அவருக்குத் தெருவெல்லாம் உறவு. இங்கே பேசுவதற்குத் தொலைக்காட்சி ஒன்றே துணை. அதுவும் தான் பேசுமேயன்றி இவர் பேசுவதைக் கேளாது. மாலையில் வரும் பேரன் இந்தியும் ஆங்கிலமும் கலந்து இரண்டு சொல் சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்விடுகிறான். குறை சொல்ல அவருக்கு மனமில்லை. 'எனக்கென்ன குறை' என்றே ஊருக்குத் தொலைபேசியில் சொல்வார்.

அத்தாய்க்கு நாம் செய்யும் பெரும் பிழை, எல்லா வேலையையும் அவரிடமிருந்து வாங்கிக்கொள்வது. 'நீங்கள் சிரமப்பட வேண்டாம் அம்மா' என்று அன்பினால் சொல்கிறோம். சொல்லிச் சொல்லி, அவரால் எவர்க்கும் ஆவது ஒன்றுமில்லை என்னும் நிலைக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறோம். உடல் இடங்கொடுத்தால், கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் வாங்கும் பொறுப்பையேனும் அவரிடம் விடுங்கள். அதற்கு வேண்டிய இந்தி எவ்வளவு? ஒன்று முதல் இருபது வரை எண்கள். 'கித்னா', 'கம் கரோ', 'நமஸ்தே', 'பஸ்'. ஒரு வாரத்தில் பேரனே கற்றுக்கொடுத்துவிடலாம். கற்றுக்கொடுக்கும்போது பாட்டியிடம் அவனும் சில தமிழ்ச் சொற்களைப் பெறுவான். குளிர்காலத்தில் வெயில் காயப் பூங்காவில் கூடும் மூதாட்டியர் வட்டத்தில் ஓர் ஓரமாக முதல் வாரம் நாமே உடன் சென்று அவரை அமர்த்த வேண்டும். அங்கே கம்பளி பின்னும் அம்மையாரும் அவரும் ஒரு சொல்லும் விளங்காமல் ஒரு மணி நேரம் பேசிக்கொள்வர். ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கும் முறைக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

ஓய்வுபெற்ற ஆடவர் நிலையும் இதற்குக் குறைந்ததன்று. முப்பது ஆண்டு கோப்புகளோடு வாழ்ந்தவர்க்கு ஓய்வூதியம் வருகிறது. கேள்வி கேட்பார் வருவதில்லை. இவர்களிடம் காலனிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் பணியை ஒப்படைத்தால் இருவர்க்கும் நலம். அவ்வளவே.

தொலைவில் உள்ளோரைப் பற்றி ஒரு சொல். காலையில் பூப்படத்தோடு ஒரு வணக்கத்தை வாட்சப்பில் நூறு பேருக்கு அனுப்பிவிட்டு, நூறு பேரோடு உறவு பேணியதாகக் கருதுகிறோம். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்னும் இரு ஆய்வாளர் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், பழைய நண்பரோடு எழுத்தில் தொடர்பு கொண்டவரைவிடக் குரலில் பேசியவரே மிக்க நெருக்கம் உணர்ந்தனர். பேசினால் சங்கடமாயிருக்குமோ என்று முன்னர் அஞ்சியது நடக்கவில்லை. ஆகவே நூறு படங்களுக்கு மாற்றாக வாரத்தில் ஒருவரை அழைத்துப் பத்து நிமிடம் பேசலாம். காரணம் எதுவும் வேண்டியதில்லை. 'சும்மாதான் கூப்பிட்டேன்' என்னும் தொடருக்கு ஈடான அன்புச் சொல் தமிழில் அரிது என்பது நம் கருத்து. அவ்வாறே இரவு உணவுக்கு அமரும் அரைமணி நேரம், வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் வேறொரு அறையில் கிடக்கட்டும். குடும்பத் தலைவரின் கைப்பேசி முதலில் போகட்டும். பிள்ளைகளுடையது தானாகவே பின்தொடரும்.

ஈதற்கும் இங்கே இடமுண்டு. கனடாவில் 2008-இல் வெளியான ஆய்வொன்றில் மாணவர்க்குச் சிறு தொகை கொடுத்து, சிலரைத் தமக்கும் சிலரைப் பிறர்க்கும் அன்று மாலைக்குள் செலவிடச் சொன்னார்கள். பிறர்க்குச் செலவிட்டவரே மாலையில் மகிழ்ந்திருந்தனர். கொடுத்த தொகை ஐந்து டாலரா, இருபது டாலரா என்பது வேறுபாடு செய்யவில்லை. காவலருக்கு ஒரு குவளைத் தேநீர் கொடுப்பதும் கணக்கில் சேரும் என்று பொருள்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வாரக்கணக்கில் உறக்கமும் பசியும் இன்றி, எதிலும் பற்றின்றி ஒருவர் துவண்டிருப்பாராயின் அது நோய். அவரிடம் போய் 'பூங்காவில் நடந்து வா' என்று உபதேசிப்பது கொடுமை. மருத்துவரிடம் அழைத்துச் செல்க. இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்னும் மனநல உதவிச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். வேற்றுமொழி நகரில் துயரைத் தாய்மொழியில் சொல்ல வாய்ப்பிருப்பது சிறிய செய்தி அன்று. அவ்வெண்ணை வீட்டில் அனைவர் கண்ணிலும் படுமாறு எழுதி ஒட்டிவையுங்கள்.

நேரம் ஆகிவிட்டது, பந்தி தயாராகிறது என்று செயலாளர் சாடை காட்டுகிறார். ஒரு வேண்டுகோள். இன்றைய பந்தியில் வழக்கமாக உடன் அமரும் குடும்பத்தாரோடு அமராமல், இதுவரை பேசியறியாத ஒருவர் அருகே அமருங்கள். தனியாக வந்துள்ள முதியோர் அருகே இலை காலியாக இருந்தால் அங்கே முதலில் செல்லுங்கள். சொந்த ஊர் எது என்று தொடங்கினால் போதும். தமிழர் இருவர் பாயசம் வருமுன் பொதுவான ஓர் உறவினரைக் கண்டுபிடிக்காமல் எழுந்ததாக நாம் இதுவரை கேள்விப்பட்டதில்லை.