கூரைப் பொருள்கள்: மதிப்பீட்டில் விடுபடும் செலவு

(வீட்டு வசதித் திட்ட அலுவலர்களுக்கும் பொருளாதார மாணவர்களுக்கும் நிகழ்த்தப்பெற்ற உரை)

உணவு, உடை, உறையுள் என்ற மூன்று தேவைகளுள் உறையுளை மதிப்பிடுவதே கடினம். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வீட்டின் கூரையும் சுவரும் தரையும் எப்பொருளால் ஆனவை என்பதைக் கொண்டு அதனை அளக்க முயல்கிறது. ஓலை, புல், மூங்கில் ஆகியவற்றால் வேய்ந்த கூரை நிலையற்றது. தகரம், கல்நார்த் தகடு, கல், கான்கிரீட் ஆகியவற்றால் அமைந்தது நிலையானது என்பது அதன் பகுப்பு.

இப்பகுப்பின்படி நாடு முன்னேறியிருப்பது தெளிவு. ஓலை, புல் முதலியவற்றாலான கூரையுள்ள குடும்பங்கள் 2001இல் ஏறத்தாழ 22 சதவிகிதம்; 2011இல் 15 சதவிகிதம். கான்கிரீட் கூரை 20இலிருந்து 29 சதவிகிதமாகவும், தகரமும் கல்நாரும் சேர்ந்து 12இலிருந்து 16 சதவிகிதமாகவும் உயர்ந்தன. ஓட்டுக் கூரையோ 33இலிருந்து 24 சதவிகிதமாகக் குறைந்தது. ஆனால் நிலையான கூரை அனைத்தும் நல்ல கூரையாகுமா என்ற வினாவுக்கு இப்புள்ளிவிவரங்களில் விடை இல்லை.

பொருள்களின் குணமும் குறையும்

ஓலைக் கூரை குளிர்ச்சியானது, உள்ளூரிலேயே கிடைப்பது. எனினும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றி வேய வேண்டும். தீக்கு எளிதில் இரையாகும். 2004 ஜூலையில் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளின் உயிரைப் பறித்ததை நாடு மறக்கவில்லை.

ஓடு இடைநிலைப் பொருள். 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய இயந்திர ஓடு, மேற்குக் கடற்கரையின் கனமழைக்கு ஏற்றதாய் அமைந்தது. ஓடுகளுக்கு இடையேயுள்ள சந்துகள் வழியே வெப்பக் காற்று வெளியேறும். உடைந்த ஓட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதனைத் தாங்கும் மரச் சட்டங்களின் விலையேற்றம் ஓட்டின் செல்வாக்கைக் குறைத்துவிட்டது.

துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டின் சிறப்பு அதன் எடைக் குறைவாகும். மெல்லிய தகடு ஒரு சதுர மீட்டருக்கு ஐந்தாறு கிலோகிராம் மட்டுமே இருக்கும். 10 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தளமோ ஏறத்தாழ 250 கிலோகிராம் இருக்கும். 1897ஆம் ஆண்டின் பெரும் பூகம்பத்திற்குப் பின் அஸ்ஸாமில் மெல்லிய சுவரும் தகரக் கூரையும் கொண்ட வீடுகள் பரவியதற்கு இதுவே காரணம். மாறாக, 1993இல் மகாராஷ்டிர மாநிலம் கில்லாரிப் பகுதியில், கனத்த மண் கூரையைச் சுமந்த கற்சுவர் வீடுகள் உறங்கிக் கொண்டிருந்தோர் மீது சரிந்தன. கூரையின் எடை சுவரின் வலிமைக்கு ஏற்றதாயிருக்க வேண்டும் என்பது அங்கு கிடைத்த பாடம். எனினும், சரியாகப் பிணைக்கப்படாத தகரத்தைப் புயல் பெயர்த்தெறியும். கடலோரத்தில் அது விரைவில் துருப்பிடிக்கும். கோடையில் கடும் வெப்பத்தை உள்ளே இறக்கும்.

கல்நார் சிமெண்ட் தகடு துருப்பிடிக்காது, விலையும் குறைவு. ஆனால் அதனை அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடைக்கும்போதும் வெளிப்படும் நுண்ணிழை புற்றுநோயை விளைவிப்பது உலக அளவில் உறுதிசெய்யப்பட்ட உண்மை. இந்தியாவில் 1986இல் கல்நார்ச் சுரங்கங்களுக்குப் புதிய குத்தகை வழங்குவது நிறுத்தப்பட்டது. எனினும் இறக்குமதி இழையைக் கொண்டு தகடு செய்யும் தொழில் அதன் பின்னரும் தொடர்ந்தது. மலிவான இத்தகட்டின் உண்மை விலையைத் தொழிலாளியின் நுரையீரல் செலுத்துகிறது.

கான்கிரீட் தளம் தீயையும் புயலையும் தாங்கும். மேல்தளம் எழுப்பவும், மழைநீர் சேகரிக்கவும், சூரிய மின் தகடு பொருத்தவும் இடந்தரும். ஆனால் பகலில் ஏற்ற வெப்பத்தை இரவில் உள்ளே வெளியிடும். கட்டுமானத்தின்போது போதிய நாள்கள் நீர் விட்டு ஆற்றாவிட்டால் ஒழுகும். உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துத் தளமே உதிரும்.

ஒரே வெயில், இரு கணக்குகள்

வணிகக் கட்டிடங்களில் நிலைமை வேறு. கிடங்குக்கும் தொழிற்கூடத்திற்கும் நடுவே தூண்களற்ற அகன்ற இடம் தேவை. ஆகவே அங்கு உலோகத் தகடு பொருத்தமானது. அதன் அடியில் வெப்பத் தடுப்புப் பொருளை அமைக்க உரிமையாளரும் தயங்குவதில்லை. குளிர்சாதனத்தின் மின் கட்டணம் மாதந்தோறும் அவருக்கு வெப்பத்தின் விலையை ரூபாயில் காட்டிவிடுகிறது. மத்திய அரசு 2007இல் வெளியிட்ட எரிசக்திச் சேமிப்புக் கட்டிட விதித்தொகுப்பும் பெரிய வணிகக் கட்டிடங்களையே கருத்திற்கொண்டது. சரிவு குறைந்த கூரை, தன்மேல் விழும் சூரிய ஒளியில் குறைந்தது 60 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுத் திருத்தம் கூறியது.

தகரக் கூரையின் கீழ் பீடி சுற்றும் பெண்ணுக்கும், துணி தைக்கும் பெண்ணுக்கும் வீடே தொழிற்கூடம். நடுப்பகலில் அவர்கள் கை ஓய்வதால் குறையும் வருமானமும், உறக்கமின்றிக் கழியும் இரவும், குழந்தையின் உடல்நலக் குறைவும் எந்த மின் கட்டணத்திலும் இடம்பெறுவதில்லை. குடியிருப்புகளுக்கென 2018இல் வந்த விதித்தொகுப்பும் 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளுக்கே உரியது. 2016இல் தொடங்கிய பிரதமரின் கிராமப்புற வீட்டு வசதித் திட்டத்தில் ஒரு வீட்டின் குறைந்தபட்சப் பரப்போ 25 சதுர மீட்டர். சமவெளிப் பகுதிக்கான உதவித்தொகை ரூ. 1.20 இலட்சம். அச்சிறு வீடு வெப்பம் பற்றிய விதிகளுக்கு வெளியே நிற்கிறது.

முதற்செலவை ஆயுட்காலத்தால் வகுத்து ஆண்டுப் பராமரிப்பைக் கூட்டினால், அடிக்கடி வேயப்படும் ஓலை மலிவானதல்ல என்பது பல இடங்களில் புலப்படும். இது ஏழைக்குத் தெரியாததன்று. மொத்தத் தொகை கையில் இல்லாததாலேயே அவர் சிறு தொகையைத் திரும்பத் திரும்பச் செலவிடுகிறார். மானியமும் கடனும் இவ்விடைவெளியை நிரப்பவே ஏற்பட்டவை. அவற்றால் எழும் கூரை ஒழுகாமலிருந்தால் மட்டும் போதாது; அதன்கீழ் பகலில் உழைக்கவும் இரவில் உறங்கவும் இயல வேண்டும்.

செய்யக்கூடியவை

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. கூரையின் மேற்பரப்பில் வெண்ணிறச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பும் பூச்சோ பூசலாம். அகமதாபாத் நகரம் 2013இல் வெப்பச் செயல்திட்டத்தை வகுத்து, 2017இல் குளிர் கூரைப் பணியை அதனுடன் இணைத்தது; தெலங்கானா 2023இல் குளிர் கூரைக் கொள்கையை அறிவித்தது. கான்கிரீட்டிலும் சிக்கனத்திற்கு இடமுண்டு. தளத்தின் அடிப்பகுதிக் கான்கிரீட் சுமை தாங்குவதில் சிறு பங்கே வகிப்பதால், அங்கு கம்பிகளுக்கிடையே ஓடுகளைப் பதிக்கும் முறையைக் கேரளத்தில் லாரி பேக்கர் பரப்பினார். சிமெண்டும் குறைகிறது; தளத்தின் எடையும் குறைகிறது; மங்கிவரும் ஓட்டுத் தொழிலுக்கும் வேலை கிடைக்கிறது.

ஆதலின் நாடு முழுவதற்கும் ஒரே கூரையை விதிப்பது பொருந்தாது. பூகம்பப் பகுதியில் எடை, கடலோரத்தில் காற்றும் உப்பும், உள்நாட்டுச் சமவெளியில் வெப்பம், மலைப்பகுதியில் பொருளை ஏற்றிச் செல்லும் செலவு என அந்தந்த இடத்தின் முதன்மைத் தேவையே தேர்வை முடிவு செய்ய வேண்டும். மதிப்பீட்டுப் படிவத்தில் சிமெண்டுக்கும் கம்பிக்கும் இடமிருப்பது போல, வெப்பத் தடுப்புக்கும் ஒரு வரி ஒதுக்கப்பட வேண்டும். கட்டி முடித்த வீட்டைப் பார்வையிடச் செல்லும் அலுவலர், காலையில் நிழற்படம் எடுத்துத் திரும்பாமல், மே மாதப் பிற்பகல் இரண்டு மணிக்கு அக்கூரையின் கீழ் அரைமணி நேரம் அமர்ந்திருந்து சான்றிதழில் கையொப்பமிடுவாராயின், அந்த ஒரு வரியின் தேவையை அவருக்கு எவரும் விளக்க வேண்டியிராது.