கேட்டைத் தாண்டினால் வேறு சட்டம்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் டிராக்டர் ஓட்டுநர்களுக்கும் பால்வெட்டுத் தொழிலாளர்களுக்கும் ஆற்றிய உரை)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சம்பளமுமல்ல, போனசுமல்ல. டிராக்டருக்குப் பின்னால் மாட்டி நாள்தோறும் இழுத்துப் போகிறோமே, அந்த டிரெயிலரைப் பற்றியது. இதற்கென்று ஒரு சொற்பொழிவு வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். சம்பளம் குறைந்தால் அடுத்த ஒப்பந்தத்தில் கேட்டுப் பெறலாம். டிரெயிலருக்கு அடியில் நசுங்கிப்போன ஒரு காலை எந்த ஒப்பந்தத்தில் கேட்டுப் பெறுவது?

நம் தோட்டங்கள் பலவற்றைப் பொது ரோடு நடுவே பிளந்துகொண்டு போகிறது. லயமும் பெரட்டுக்களமும் ஒரு பக்கம். வெட்டுகிற தீம்பாரோ மறுபக்கம். தீபகற்பத்திலே சூரியன் எழ ஏறக்குறைய ஏழு மணி ஆகிறது. பெரட்டு முடிந்து வண்டி கிளம்புவதோ அதற்கு முன்னால், நல்ல இருட்டிலே.

சுமார் பத்தாண்டுகளுக்கு முன் நாம் வேறொரு தோட்டத்தில் இளங்கிராணியாக இருந்தோம். ஒருநாள் டிராக்டர்க்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஸ்டோரில் வேலை செய்த ஒரு தம்பிக்குத் தோட்டத்துக்குள் டிராக்டர் ஓட்டிப் பழக்கமுண்டு, லைசென்ஸ் இல்லை. "ரோட்டைக் கடப்பதுதானே, அவனையே அனுப்பு" என்று மேலிருந்து உத்தரவு வந்தது. லைசென்ஸ் இல்லை என்பது நமக்குத் தெரியும். தெரிந்தேதான் அவன் பெயரை வேலைப் புத்தகத்தில் எழுதினோம். டிரெயிலரை மாட்டும் பின்னுக்குப் பதிலாக ஒரு பழைய இரும்புக் கம்பி செருகியிருந்தது. ரோட்டு மேட்டில் ஏறும்போது கம்பி துள்ளி விழுந்தது. டிரெயிலர் பின்னோக்கி உருண்டு கால்வாயில் சாய்ந்தது. வாளிகளோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவின் கால் முறிந்தது. அவர் பிறகு மரம் வெட்ட வரவேயில்லை.

போலீஸ் வந்தபோது, "அவனாகவே எடுத்துக்கொண்டு போய்விட்டான்" என்று நிர்வாகம் சொல்லியது. நம் கையால் எழுதிய புத்தகம்தான் அதைப் பொய்யாக்கியது. அந்தத் தம்பி முழுப் பழியையும் தனியாகச் சுமக்காமல் தப்பினான். ஆனால் அவனை ரோட்டுக்கு அனுப்பியதும் அதே எழுத்துத்தான். இதை நாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. மறந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தோழர்களே, முன்பு 1958-ம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இருந்தது. அதன் இடத்தில் வந்து இன்று நடைமுறையில் இருப்பது 1987-ம் ஆண்டுச் சட்டம். பொதுமக்கள் போய்வரக்கூடிய பாதை இச்சட்டப்படி ரோடு. தனியார் தம் பொறுப்பில் பராமரித்து வைத்திருக்கும் சொந்தப் பாதை அதில் சேராது. ஆகவே தோட்டத்துக்குள் ஒரு நிலை. கேட்டைத் தாண்டி முன் சக்கரம் தார் ரோட்டில் பட்டதும் வேறு நிலை. "இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பத்தடி தூரந்தானே" என்று சட்டத்திடம் வாதாட முடியாது.

இரண்டாவது, டிரெயிலருக்கு எஞ்சின் இல்லையே, அது வெறும் பெட்டிதானே என்று பலர் எண்ணுகிறோம். அது தவறு. மோட்டார் வண்டியால் இழுக்கப்படும் வண்டியும் மோட்டார் வண்டி என்றே சட்டம் கணக்கிடுகிறது. ஆகவே டிராக்டர் மட்டும் ஒழுங்காக இருந்தால் போதாது. பின்னால் வருவதும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

மூன்றாவது லைசென்ஸ். சக்கரமுள்ள டிராக்டர், வெற்று எடை 5,000 கிலோவுக்கு மேற்படாமல் இருந்தால் எஃப் வகுப்பு. மேற்பட்டால் எச் வகுப்பு. சங்கிலிப்பட்டையில் ஓடும் இயந்திரங்களுக்கு முறையே ஜி, ஐ என்ற வகுப்புகள் உண்டு. மோட்டார் சைக்கிள் லைசென்ஸைப் பையில் வைத்துக்கொண்டு டிராக்டரில் ஏறி உட்காரக்கூடாது. இன்று வீட்டுக்குப் போனதும் ஒவ்வொருவரும் தம் லைசென்ஸை எடுத்து, எந்த எழுத்து அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள்.

இங்கேதான் நீங்கள் நெஞ்சில் பதிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. அச்சட்டத்தின் 26-ம் பிரிவு இரண்டு பக்கமும் பேசுகிறது. உரிய லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டக்கூடாது என்கிறது. அப்படிப்பட்டவனை ஓட்டும் வேலையில் அமர்த்தவோ ஓட்ட அனுமதிக்கவோ கூடாது என்றும் சொல்கிறது. குற்றம் ஸ்டியரிங் பிடித்தவனோடு முடிந்துவிடுவதில்லை. அனுப்பியவரும் பதில் சொல்ல வேண்டும்.

அடிபட்டால் யார் கொடுப்பார்?

"வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதே" என்று ஆறுதல் கொள்கிறோம். 90-ம் பிரிவு கட்டாயமாக்கும் இன்சூரன்ஸ் முக்கியமாக மூன்றாம் ஆளுக்கு நேரும் தீங்குக்கானது. வேலையில் அடிபடும் தொழிலாளிக்கு முதலாளி கொடுக்க வேண்டியதை அந்தப் பாலிசி ஏற்றே தீரவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. நமக்கு இருப்பது 1969-ம் ஆண்டுச் சட்டத்தின்படியுள்ள சொக்சோ. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தும் அதில் அடங்கும். 2019 ஜனவரி 1 முதல் நம்முடன் வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களுக்கும் வேலை விபத்துப் பாதுகாப்பு அதிலேயே வந்துவிட்டது. ஆனால் சொக்சோவில் உள்ள தொழிலாளி, அதே காயத்துக்காக முதலாளிமேல் தனியாக நஷ்டஈட்டு வழக்குப் போட 31-ம் பிரிவு இடந்தருவதில்லை. ஆகவே அடிபட்ட பிறகு கோர்ட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். அடிபடாமல் தடுப்பதுதான் நம் கையில் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு

நாம் கிராணியல்லவா, கணக்குச் சொல்லாமல் விடமாட்டோம்! மாநில ரோட்டிலும் கூட்டரசு ரோட்டிலும் பொதுவான வேக எல்லை மணிக்கு 90 கிலோமீட்டர். அதாவது ஒரு விநாடிக்கு 25 மீட்டர். டிராக்டரும் டிரெயிலரும் சேர்ந்து 9 மீட்டர் நீளம், ரோடு 7 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்திலிருந்து கிளம்பி, விநாடிக்கு 2 மீட்டர் போனால் முழுவதும் கடந்து முடிக்க 8 விநாடி ஆகும். அந்த 8 விநாடியில் ஒரு கார் 200 மீட்டர் வந்துவிடும். இரண்டு பக்கமும் 200 மீட்டர் கண்ணுக்குத் தெரியாத வளைவிலே, வெறும் தைரியத்தை நம்பிக் கடக்கலாமா? அப்படிப்பட்ட இடத்தில் எச்சரிக்க ஆள் நிற்க வேண்டும். இருட்டில் விளக்கோடு நிற்க வேண்டும். கடக்கும் இடத்தையே மாற்ற முடியுமா என்றும் நிர்வாகம் பார்க்க வேண்டும்.

ரோட்டோடு போகும்போதும் இதே ஆபத்துத்தான். டிராக்டர் 18 கிலோமீட்டரில் ஊர்ந்தால், பின்னால் 90-ல் வருகிறவன் விநாடிக்கு 20 மீட்டர் நெருங்குகிறான். 100 மீட்டரில் உங்களைக் கண்டால் அவனுக்கு இருப்பது 5 விநாடி. வெற்றிலை மடித்து வாயில் போடுகிற நேரங்கூட இல்லை. பின்விளக்கு எரியாத, சேறு அப்பிய டிரெயிலர் அந்த நேரத்தையும் அவனிடமிருந்து பறித்துவிடுகிறது.

கிளம்புமுன் ஐந்து காரியம்

ஒன்று: பின். அதற்குரிய பின்னையே போட்டு, கீழே கிளிப் மாட்ட வேண்டும். அதோடு ஒரு சங்கிலியும் வேண்டும். பின் துள்ளினாலும் சங்கிலி பிடித்துக்கொள்ளும்.

இரண்டு: பிரேக். தீம்பாரில் சட்டென்று திருப்புவதற்காகப் பின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மிதி வைத்திருக்கிறார்கள். ரோட்டுக்கு வரும்போது இரண்டையும் கொக்கிபோட்டு இணைத்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் டிராக்டர் சுழன்று சாயும். இறக்கத்தில் நியூட்ரல் போட்டு உருட்டாதீர்கள். மேட்டில் இருக்கும்போதே சிறிய கியருக்கு மாற்றுங்கள். பாரமேறிய டிரெயிலர் பின்னாலிருந்து தள்ளும்.

மூன்று: விளக்கு. முன்னும் பின்னும் எரிகிறதா, பிரதிபலிப்புச் சில்லுகள் துடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

நான்கு: பாரம். டாங்கியில் பால் பாதியளவு இருந்தால் அலைமோதும். வளைவில் அது வண்டியையே இழுக்கும். கட்டிப்பாலிலிருந்து வடியும் நீர் ரோட்டை வழுக்கலாக்கும். பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரனும் ஒரு தாயின் பிள்ளைதான். புல்வெட்டும் கருவி மாட்டியிருந்தால் உயர்த்திப் பூட்டி, கத்தியை மூடுங்கள்.

ஐந்து: ஆட்கள். டிரெயிலர் பாலுக்கும் உரத்துக்கும் உரியது. வாளிமேலும் விளிம்புமேலும் மனிதர்களை ஏற்றாதீர்கள். தாய்மார்களே, "நடந்தால் நேரமாகிவிடும்" என்று ஏறுகிறீர்கள். உங்கள் சிரமம் நமக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் இருக்கையுள்ள, ஆட்களை ஏற்ற அனுமதி பெற்ற வண்டியைக் கேட்க வேண்டும்.

சங்கம் செய்ய வேண்டியது

"இவ்வளவும் பார்த்து, போகமாட்டேன் என்று சொன்னால் வேலை போய்விடாதா?" என்று ஓட்டுநர் கேட்பார். நியாயமான கேள்வி. 1994-ம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் புதிதாகச் சேர்ந்த 26ஏ பிரிவு 2024 ஜூன் 1 முதல் அமுலில் இருக்கிறது. உடனடி ஆபத்து உண்டென்று நம்ப நியாயமான காரணமிருந்து, சொல்லியும் முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். அதற்காக அவனை வஞ்சிக்கக்கூடாது. ஆனால் சொன்னதற்குச் சாட்சி வேண்டுமே! ஆகவே ஒவ்வொரு டிராக்டருக்கும் ஒரு புத்தகம் வையுங்கள். காலையில் என்ன குறை, யாரிடம் சொன்னோம், எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் கிராணியிடம் வாருங்கள். நாம் எழுதித் தருகிறோம். இந்த முறை நம் எழுத்து சரியான காரியத்துக்குப் பயன்படட்டும்.

40 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்பது அதே சட்டம். அந்தக் குழுவில் நம் ஆட்கள் வாய்மூடி உட்காராமல் மூன்று காரியம் கேட்க வேண்டும்: ஆட்களுக்குத் தனி வண்டி, ஓட்டுநர் லைசென்ஸ் செலவை நிர்வாகம் ஏற்பது, ரோடு கடக்குமிடத்தில் விளக்கும் எச்சரிக்கைப் பலகையும்.

தோழர்களே, நாளைக் காலையிலும் பெரட்டு நடக்கும், வண்டி கிளம்பும். கேட்டருகே ஒரு நிமிடம் நிறுத்துங்கள். இறங்கி, பின்னைக் கையால் அசைத்துப் பாருங்கள். அந்த ஒரு நிமிடத்துக்காக யாராவது கோபித்தால், சங்கம் சொல்லித்தான் நின்றோம் என்று சொல்லுங்கள். பதில் சொல்ல நாம் வருகிறோம்.