குழுவில் நாங்கள் வாசித்த மூன்று புத்தகங்கள்



"உங்க குழுவுல கதைப் புத்தகம் படிக்கிறீங்களாமே, அதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க" என்று என்னைக் கேட்டார்கள். நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. கல்யாணம் ஆனதிலிருந்து என் கையில் புத்தகம் என்று இருந்தது தீர்மான நோட்டும், வரவு செலவு நோட்டும், பேங்க் பாஸ்புக்கும்தான். அதனால் பெரிய விமர்சனம் எதுவும் எதிர்பார்க்காதீங்க. நாங்க வாசிச்சது, அதுக்கு யார் யார் என்ன சொன்னாங்க, அதை மட்டும் சொல்றேன்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு நம்ம டவுன்லயும் புத்தகத் திருவிழா போடுறாங்க இல்லையா, அங்கே பிள்ளைக்கு ஏதாவது வாங்கலாம்னு போனேன். கடைக்காரத் தம்பி நான் பேசுறதைக் கேட்டுட்டு, "அக்கா, இது உங்க பக்கத்துப் பேச்சுலயே எழுதினது" என்று ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். கண்மணி குணசேகரன் எழுதிய 'அஞ்சலை'. அவர் விருத்தாசலம் பக்கம் மணக்கொல்லை கிராமம். அரசு போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்தவர். நம்ம நடுநாட்டு வார்த்தைகளைச் சேர்த்து ஒரு அகராதியே போட்டிருக்கார் என்று அப்புறம்தான் தெரிஞ்சுது.

ஒரு மாசம் கூட்டம் முடிஞ்சு, சேமிப்பு வசூல் பண்ணி, கையெழுத்து எல்லாம் வாங்கியாச்சு. வெளியே நல்ல மழை. அங்கன்வாடித் திண்ணையில் பன்னெண்டு பேரும் மாட்டிக்கிட்டோம். பையில் இருந்த புத்தகத்தை எடுத்து நான் சத்தமா வாசிக்க ஆரம்பிச்சேன். எங்க குழுவில் நாலு பேருக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். மழை விட்டதுகூட யாருக்கும் தெரியல. "கொல்லை" என்று டவுன்காரங்ககிட்ட சொன்னா வீட்டுக்குப் பின்பக்கம்னு நினைப்பாங்க. நமக்கு அது மானாவாரி நிலம். முந்திரிக்கொல்லைன்னு புத்தகத்துல வந்ததும், "அட, நம்மாளு எழுதினதுதான்" என்று ஒரு அக்கா கையைத் தட்டினாங்க.

அஞ்சலை, மாப்பிள்ளை என்று ஒருத்தனை நினைச்சு சம்மதம் சொல்றா. கல்யாணத்தன்னைக்கு வேற ஒருத்தன் வந்து நிக்கிறான். அதிலிருந்து அவ வாழ்க்கை எந்தப் பக்கம் போனாலும் ஊர் வாயில்தான் விழுது. "ஒரே அழுகையா இருக்கு, இதைப் படிச்சு என்னா ஆவப்போவுது" என்று எங்க ஊக்குநர் அக்கா சொன்னாங்க. எனக்கு அப்படித் தோணல. அஞ்சலை அழுவா, ஆனா திட்டுவா, சண்டைக்கும் நிப்பா. அந்தத் திட்டு வருகிற இடமெல்லாம் நான் மென்னு முழுங்கிட்டு அடுத்த வரிக்குத் தாவுவேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆயா, "என்னாடி முழுங்கற? எழுதினவனே வெக்கப்படல, உனக்கு என்னா?" என்று பிடிச்சுட்டாங்க. அந்த ஆயாவுக்கு எழுத்து தெரியாது. ஆனா எங்க குழுவில் நல்ல வாசகி யாருன்னு கேட்டா அவங்களைத்தான் சொல்வேன்.

ரெண்டாவது புத்தகம் சு. தமிழ்ச்செல்வியின் 'அளம்'. இது வேதாரண்யம் பக்கத்து உப்பளக் கதை. நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்னு நானும் நினைச்சேன். புருஷன் சம்பாதிக்கக் கடல் தாண்டிப் போயிட்டான், ஒரு சேதியும் இல்ல. மூணு பொண்ணுங்களை வச்சுக்கிட்டு சுந்தராம்பாள் உப்பளத்து வேலைக்குப் போறா. பஞ்சத்துல கிழங்கும் கீரையும் தேடி வந்து காய்ச்சி ஊத்துறா. கதையில் அவ்வளவுதான் நடக்குது என்றுகூடச் சொல்லலாம்.

இந்தப் புத்தகத்தை ஒரு பயிற்சிக்கு வந்திருந்தப்ப வெள்ளிமலைப் பக்கத்து அக்கா ஒருத்தர் என்கிட்ட வாங்கிட்டுப் போனாங்க. மூணு மாசம் திருப்பித் தரல. அடுத்த பயிற்சிக்குக் கொண்டுவந்து கொடுத்தப்ப, "இது கடக்கரைக் கதையில்ல, எங்க மலைக் கதை" என்றாங்க. கல்வராயன் மலையிலிருந்து கேரளாவுக்கும் கர்நாடகாவுக்கும் எஸ்டேட் வேலைக்குப் போறவங்க எத்தனை பேர், ஆந்திராப் பக்கம் மரம் வெட்டப் போய் மாட்டிக்கிட்டவங்க எத்தனை பேர்னு இங்க உட்கார்ந்திருக்கிற மலை அக்காமாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போனவர் இருக்காரா இல்லையான்னே தெரியாத வீட்டில், நெத்தியில் பொட்டு வைக்கலாமா கூடாதான்னு ஊரே யோசனை சொல்லும். "சுந்தராம்பாளை அந்தம்மா தியாகின்னு எழுதல. வேலைக்குப் போறவன்னு எழுதியிருக்காங்க. அதான் எனக்குப் புடிச்சுது" என்று அந்த அக்கா சொன்னாங்க. நான் அந்தப் புத்தகத்தை ரெண்டு தரம் படிச்சும் எனக்கு இது தோணல.

மூணாவது புத்தகத்தில்தான் எங்களுக்குள்ள சண்டையே வந்துச்சு. இமையம் எழுதிய 'செல்லாத பணம்'. இவரும் தூரத்து ஆள் இல்ல, திட்டக்குடி பக்கம் கழுதூர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். இந்த நாவலுக்கு 2020ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி விருது கிடைச்சுது. பேரைக் கேட்டதும், பழைய ஐந்நூறு ரூபாய் செல்லாதுன்னு 2016இல் அறிவிச்சாங்களே, அந்தக் கதைன்னு நினைச்சோம். அது இல்ல.

வாத்தியார் வீட்டுப் பொண்ணு ரேவதி. இன்ஜினியரிங் படிச்சவ. ஆட்டோ ஓட்டுற ரவியை வீட்டுக்குப் பிடிக்காமலே கட்டிக்கிறா. அப்பாவுக்கு மனசு ஆறவே இல்ல. ஒருநாள் தீக்காயத்தோட அவளைப் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க. கதையில் பெரும்பாதி அந்தத் தீக்காய வார்டு வாசலிலேயே நடக்குது. அப்பாகிட்ட இப்போ பணம் இருக்கு. எவ்வளவு வேணும்னாலும் கொடுக்கத் தயாரா இருக்கார். அது செல்லல.

ஜிப்மர் என்றால் நம்ம யாருக்குத் தெரியாது? 2024 ஜூன்ல கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடிச்சவங்களை சேலம், முண்டியம்பாக்கம், ஜிப்மர்னு ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டு ஓடினதை எல்லாரும் பார்த்தோம். செத்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம்னு அரசு அறிவிச்சுது. "அதுவும் செல்லாத பணந்தானேக்கா" என்று எங்க குழுவில் ஒரு தங்கச்சி கேட்டா. "அப்படிச் சொல்லாத, அந்தப் பிள்ளைங்க படிக்கணும் இல்ல" என்று இன்னொரு அக்கா சொன்னாங்க. ரெண்டு பேர் சொன்னதும் சரியாத்தான் பட்டுச்சு.

ஆஸ்பத்திரிப் பக்கங்கள் ரொம்ப நீளம், பாதியைக் குறைச்சிருக்கலாம்னு எங்க பிரதிநிதி சொன்னாங்க. உடம்பு முடியாத மாமனாரோட இருபது நாள் வராண்டாவில் கிடந்தவங்க ஒருத்தர், "அங்க நேரம் அப்படித்தான் போவும், அவரு சரியாத்தான் எழுதியிருக்காரு" என்றாங்க. சண்டை வந்தது அதுக்கு இல்ல, அப்பாவுக்காக. கடன்பட்டுப் படிக்க வச்சவன் வயிறு எரியாதான்னு அஞ்சு பேர் அவர் கட்சி. பெத்தது பொண்ணையா, இல்ல பேரையான்னு நாலு பேர் ரேவதி கட்சி. சத்தம் தெருவரைக்கும் போச்சு. கடைசியில் ஆயா சொன்னாங்க: "அங்க வந்து அள்ளிக் கொட்டற பணத்துல, முன்னாடியே ரெண்டு தரம் பஸ்சு ஏறிப் போயி அந்தப் பொண்ணப் பாத்திருந்தா எவ்ளோ செலவாயிருக்கும்?"

நான் அன்னைக்கு எந்தக் கட்சியிலும் பேசல. பேச முடியல. என் தங்கச்சி ஆறு வருஷத்துக்கு முன்னாடி வேற ஆளுங்க வீட்டுப் பையனைக் கட்டிக்கிட்டுப் போனவ. அவ இருக்கற ஊருக்கு எங்க ஊரிலிருந்து ஒரே பஸ். இந்த ஆறு வருஷத்துல நான் குழுவில் மூணு தரம் கடன் வாங்கி, ஒரு தவணைகூடத் தவறாம கட்டியிருக்கேன். அவளுக்கு ஒரு போன் பண்ணல. எங்கம்மா எதிரில் அவ பேரை எடுக்க மாட்டோம்.

அந்த வாரம் போன் பண்ணேன். நம்பர் ஒரு சொந்தக்காரப் பொண்ணுகிட்ட இருந்துச்சு. என் குரலைக் கேட்டதும் அவ கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அம்மாவுக்கு ஏதாவது ஆயிடுச்சா?" என்று கேட்டா. போன் வந்தா சாவுச் சேதியாத்தான் இருக்கும்னு அவ நினைக்கிற மாதிரி நாங்க வச்சிருந்திருக்கோம். இல்லம்மா, ஒரு புத்தகம் படிச்சேன், அதான் பேசணும்னு தோணிச்சுன்னேன். "என்ன புக்கு?"ன்னா. கதையைச் சொன்னேன். பாதியிலேயே, "எனக்கு அந்த மாதிரி எல்லாம் ஒண்ணும் இல்லக்கா, அவரு நல்லாத்தான் வச்சிருக்காரு" என்று சிரிச்சா. போன மாசம் நானும் என் மகளும் போய்ப் பார்த்துட்டு வந்தோம். அவளுக்கு நாலு வயசுல ஒரு பையன் இருக்கான். எங்கம்மா இன்னும் பேசல. புத்தகத்தை நான் அவங்களுக்கு வாசிச்சுக் காட்டல. கதை எங்க போகுதுன்னு அவங்களுக்கு உடனே தெரிஞ்சிடும். ஆனா நான் போய்ட்டு வந்த அன்னைக்கு ராத்திரி, "பையன் யாரு சாயல்?" என்று மட்டும் கேட்டாங்க.

உங்க குழுவுக்கு இந்தப் புத்தகங்கள் வேணும்னா கேளுங்க. 'அளம்' இப்போ மறுபடியும் மலையில்தான் இருக்கு. 'அஞ்சலை' முதல் நாலு பக்கம் பிரிஞ்சு வந்துடுச்சு, பார்த்துப் புரட்டணும். 'செல்லாத பணம்' என் தங்கச்சி வீட்டில் இருக்கு. அவ படிச்சு முடிச்சதும் வாங்கித் தரேன்.