இடிந்த கோயிலும் இடியாத பெயரும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலண்டன் மாநகரில் திரெட்நீடில் தெருவில் இங்கிலாந்து வங்கியின் மாளிகை ஓங்கி நிற்கின்றது. அதன் மதிலுக்குள் ஒரு கிறிஸ்தவக் கோயில் இருந்த நிலமும் அடங்கியுள்ளது என்பதை அவ்வழிச் செல்வோருள் அறிந்தவர் சிலரே. புனித கிறிஸ்டோபர் லெ ஸ்டாக்ஸ் என்னும் அக்கோயில், அருகிருந்த ஸ்டாக்ஸ் சந்தையால் அப்பெயர் பெற்றது. இடைக்காலத்தில் தோன்றி, பின்னர் ஆங்கிலிக்கத் திருச்சபையின் குருசேகரக் கோயிலாய் விளங்கிற்று.

1666ஆம் ஆண்டுப் பெருந்தீ அதனை எரித்தது. கட்டடக்கலை மேதை சர் கிறிஸ்டோபர் ரென் பொறுப்பேற்க, 1671ஆம் ஆண்டளவில் அது மீண்டும் எழுந்தது. தீயை வென்ற கோயிலுக்கு அண்டை வீட்டாரால் கேடு வந்தது. 1734இல் வங்கி அதன் பக்கத்தில் குடிபுகுந்தது. வங்கி வளர வளர, குருசேகரத்தின் வீடுகள் பல அதன் உடைமையாயின; குடிகள் அருகினர்.

1780ஆம் ஆண்டு சூன் திங்களில் கார்டன் கலகம் மூண்டது. கத்தோலிக்கருக்குச் சில உரிமைகளை வழங்கிய 1778ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்துப் புராட்டஸ்டண்டுச் சமயத்தின் பெயரால் எழுந்த கலகம் அது. கூட்டம் வங்கியையும் தாக்கிற்று, படைவீரர் விரட்டினர். ஆயினும் அச்சம் நீங்கவில்லை. அடுத்த முறை கலகக்காரர் கோயிற் கோபுரத்தில் ஏறி வங்கியைத் தாக்கினால் என் செய்வது? சட்டம் இயற்றப்பெற்றது, 1782இல் கோயில் இடிக்கப்பெற்றது. ரென் எழுப்பிய கோயில்களுள் முதலில் இடிபட்டது இதுவே. கலகக்காரர் அதன்மீது ஒரு கல்லும் எறிய வேண்டியிருக்கவில்லை. சமயத்தைக் காப்போம் என்று முழங்கியவர்களால் அச்சமயத்துக் கோயிலே வீழ்ந்தது! வெறுப்புக்கு எல்லை வகுத்தல் யாராலும் ஆகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இடுகாடு வங்கியின் உள்முற்றத் தோட்டமாயிற்று. மக்களோ அருகிலுள்ள புனித மார்கரெட் லாத்பரிக் கோயிலோடு இணைக்கப்பெற்றனர். மோசே, ஆரோன் ஆகியோரின் ஓவியங்கள் அங்கே சேர்ந்தன. காலப்போக்கில் வேறு கோயில்களும் மறைந்தன. புனித மில்ட்ரெட் 1872இல் இடிக்கப்பெற்றது; கோல்மன் தெருப் புனித ஸ்டீபன் 1940இல் குண்டுவீச்சில் அழிந்தது. இன்று லாத்பரிக் குருசேகரத்தின் முழுப் பெயரில், மறைந்த ஏழு கோயில்களின் பெயர்கள் இணைந்துள்ளன. அதனைச் சொல்லி முடிக்க மூச்சுப் பிடிக்க வேண்டும். எனினும் ஒன்றையும் அவர்கள் விடவில்லை.

கிறிஸ்டோபர் கோயிலின் பதிவேடுகள் 1882இல் அச்சேறின. கோயில் மறைந்து நூறாண்டு கழிந்தபின், அங்கே ஞானமுழுக்குப் பெற்றோரும் மணந்தோரும் மாண்டோரும் ஏட்டில் மீண்டும் எழுந்தனர்.

ஊர்விட்டு ஊர் வந்து சங்கம் அமைத்துள்ள நாம் இதனைக் கருதுதல் நன்று. கட்டடம் எழுப்புகிறோம், மலர் வெளியிடுகிறோம். உறுப்பினர் ஏட்டையும் கூட்டக் குறிப்புகளையும் அதே அக்கறையோடு காக்கின்றோமா? நிலம் கைமாறலாம், சாலை அகலமாகலாம். அன்று நம் பின்னோர் தேடப்போவது சுவரை அன்று, பெயர்களையே. அவற்றைப் பிழையின்றி எழுதிவைப்போமாக!