உருபு இருக்கப் பயமேன்?



"லத்தீன் கவிதையைச் சுவைக்க மொழிபெயர்ப்பே போதும், செத்த மொழியின் இலக்கணத்தை யார் படிப்பது?" என்று எதிரணித் தம்பி முழங்கிவிட்டுப் போனார். அந்த இலக்கணத்திலதாங்க உயிரே இருக்கு!

'மாமியார் மருமகளைத் திட்டினார்.' இதை 'மருமகளைத் திட்டினார் மாமியார்' என்று மாற்றுங்கள். எப்படிப் புரட்டினாலும் திட்டு வாங்குவது மருமகள்தான்! (சிரிப்பு) காரணம் அந்த 'ஐ', இரண்டாம் வேற்றுமை உருபு. ஆங்கிலத்தில் இடம் மாற்றினால் மாமியார் திட்டு வாங்குவார். லத்தீன் நம்ம கட்சி. அங்கேயும் சொல்லின் கடைசியில்தான் வேற்றுமை.

ஆனால் நம்மைவிட ஒரு படி மேலே போகிறது. 'மெலிந்த பையனை' என்கிறோம். 'மெலிந்த' என்பதற்கு உருபு ஏறாது. பையனை விட்டு அது நகரவும் முடியாது. லத்தீனில் அதற்கும் உருபு ஏறும். அதனால் இரண்டும் விலகி நின்றாலும் உறவு அறாது. நம் உரையாசிரியர்கள் கொண்டுகூட்டு என்பார்களே, லத்தீன் கவிதையில் அது அன்றாடச் சாப்பாடு.

இதை வைத்து ஹொரேஸ் என்ன செய்கிறார் பாருங்கள். கி.மு. 65-இல் பிறந்தவர், அடிமையாயிருந்து விடுதலை பெற்றவரின் மகன். கி.மு. 23-இல் வெளியிட்ட பாடல்களில் முதல் தொகுதி, ஐந்தாம் பாட்டு. பிர்ரா என்ற பெண்ணிடம், உன்னை இப்போது தழுவுகிறவன் யார் என்று கேட்கிறார். முதலடியில் 'உன்னை' என்ற சொல் நடுவில். அதன் ஒரு பக்கம் 'மெலிந்த', மறுபக்கம் 'பையன்'. அவற்றுக்கும் வெளியே இந்தப் பக்கம் 'மிகுதியான', அந்தப் பக்கம் 'ரோஜா'. சொல்லை நிறுத்திய விதத்திலேயே பெண்ணைப் பையன் அணைக்கிறான். இருவரையும் பூ சூழ்கிறது! (கைதட்டல்)

எழுவாய், பயனிலை தேடி உரைநடையாக்கிப் பொருள் தெரிந்துகொள்ளுங்கள், வேண்டாம்னு சொல்லலே. தொடக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். அதோடு புத்தகத்தை மூடிவிட்டால் அந்த அணைப்பு போச்சு! திரும்பக் கவிஞர் வைத்த வரிசையிலேயே வாய்விட்டுப் படிக்கணும். 'மிகுதியான' என்று காதில் விழும். எது மிகுதி? தெரியாது. 'மெலிந்த'. யார்? பொறுங்கள். அடி முடியும்போதுதான் ரோஜா வருகிறது.

மில்டன் இதை ஆங்கிலத்தில் பெயர்த்தார், 1673-இல் அச்சானது. கிட்டத்தட்டச் சொல்லுக்குச் சொல் என்று அறிவித்தவர், 'மொழி இடம் கொடுத்த மட்டில்' என்ற பொருளில் ஒரு வார்த்தையையும் தலைப்பிலேயே சேர்த்துக்கொண்டார். அவருடைய ஆங்கிலத்தில் 'மெலிந்த'வும் 'பையனு'ம் ஒட்டிக்கொண்டு முன்னால் போய்விடுகின்றன. பெண் தனியாகப் பின்னால் நிற்கிறாள். லத்தீனிலேயே கவிதை எழுதியவருக்கே இந்தக் கதி!

மணி அடிச்சிட்டீங்க நடுவரே. எந்த மொழிபெயர்ப்பில் அவள் நடுவில் நிற்கிறாள் என்று எதிரணியில் அடுத்து வருகிறவர் காட்டட்டும்.